கட்டைக் குரல் கிட்டார்: மாமா பதில்கள்

போன இதழில் போகிற போக்கில் ‘பாரிடோன் கிட்டார்’ என்று ஒரு வார்த்தை விட்டேன். மும்பைத் தமிழர்கள் இவ்வளவு பேர் கிட்டாரும் கையுமாக இருக்கிறார்கள் என்று தபால்காரரே இப்போதுதான் தெரிந்துகொண்டார். திட்டு, ஜாதகம், வாடகை வீடு விசாரணை எல்லாம் கழித்து மிச்சம் இங்கே.

தாராவி தம்பி, 90 அடி ரோடு: பாரிடோன் கிட்டார் என்றால் என்ன மாமா? சுருக்கமா.

கழுத்து நீளம், தந்தி தடிமன், குரல் கட்டை. சாதா கிட்டாரின் அடித் தந்தி மூணு கட்டையில் நிற்கும். பாரிடோனில் அது கீழ் ஸ்தாயி ஏழு கட்டை. மத்யமத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்கும் தூரம். கிட்டார்க்காரர்கள் இதையே ‘ஈ-யிலிருந்து பி’ என்பார்கள். இன்னும் சுருக்க வேண்டுமானால் தந்தி அடி. அதுவும் நிறுத்திவிட்டார்கள்.

மாட்டுங்கா மாமி: என் பிள்ளை இருக்கிற கிட்டாரையே தளர்த்தி இறக்கி வாசிக்கிறான். தனியா ஒண்ணு எதுக்கு?

இறக்கலாம் மாமி. ஆனால் அதே தந்தியை ஈ-யிலிருந்து பி-க்கு இறக்கினால் இழுவிசையில் 56 சதவீதம்தான் மிஞ்சும். தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் இடித்துக் ‘கொர்ர்’ என்னும். சாதா கிட்டாரில் தந்தியின் நீளம் 25.5 அங்குலம். அதை 27 ஆக்கினால் இழுவிசை 12 சதவீதம் ஏறும். 30 ஆக்கினால் 38. பாக்கியைத் தடித்த தந்தி பார்த்துக்கொள்ளும்.

பிள்ளையைத் திட்டாதீர்கள். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி பதினேழு வயசில் தகரப் பட்டறை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். உருக்கிய பிளாஸ்டிக்கிலும் தோலிலும் தானே விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். விரல் நோகாமல் இருக்கத் தந்தியைத் தளர்த்தினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் அந்த இறக்கத்தைக் கேட்கலாம். அவருக்கு விரல் காரணம். உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை.

செட்டா நகர் பக்தர், செம்பூர்: நம்ம சங்கீதத்தில் இப்படி நீட்டி இறக்கின வாத்தியம் உண்டா?

அந்தக் காலத்து நாயனம் திமிரி. குட்டை, கீச்சுக் குரல், ஐந்து கட்டை வாக்கில் நிற்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கேட்டார், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி கடைந்தார். பாரி நாயனம் வந்தது. குழல் நீண்டது, சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசியது. ஏறக்குறைய பாரிடோன் இறங்குகிற அதே தூரம்.

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரிடோனுக்கு இன்னும் கடைச் சுவரில் ஆணியே கிடைக்கவில்லை.

அதே பக்தர்: ராஜரத்தினம் பிள்ளை கையில் ஒரு பாரிடோன் கொடுத்திருந்தால்?

தோடியை முடித்துவிட்டு வாங்கிப் பார்த்திருப்பார். அதற்குள் விடிந்திருக்கும்.

கிங்ஸ் சர்க்கிள் கிறுக்கன்: முதல் மின்சார பாரிடோனைச் செய்த புண்ணியவான் யார்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டான்எலெக்ட்ரோ கம்பெனி. முதலாளி நேத்தன் டேனியல், 1947-இல் தொடங்கியவர். 1956-இல் ஆறு தந்தி பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டு முடிவதற்குள் பாரிடோனும் வந்தது. உடம்பு மேசனைட், அதாவது மரநார் அழுத்தின பலகை. பிக்கப்பை மூடியிருப்பது நிஜமான லிப்ஸ்டிக் குழாய். சியர்ஸ் பேரங்காடி சில்வர்டோன் என்று பெயர் ஒட்டி அவர் சரக்கைச் சாமானியர்களுக்கு விற்றது.

ஆகையால் ‘மலிவு பாரிடோன்’ என்று வெட்கப்படாதே. பிறந்ததே மலிவாகத்தான்.

சயான் சந்தேகப்பேர்வழி: அந்த அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு யாராவது உருப்படியாக வாசித்தார்களா?

1968-இல் கிளென் கேம்பெல்லின் ‘விச்சிட்டா லைன்மேன்’. நடுவில் வரும் கனத்த கிட்டார் சோலோ டான்எலெக்ட்ரோ ஆறு தந்தி பேஸில் வாசித்தது. பாரிடோனுக்கு ஒன்று விட்ட அண்ணன். அதுவும் கேம்பெல்லுடையது இல்லை, பேஸ் வாசித்த கேரல் கே அம்மாளுடையது. இரவல் கிட்டார், அழியாத சோலோ. நீ சொந்தக் கிட்டாரில் ‘ஹேப்பி பர்த்டே’யையே தப்பாக வாசிக்கிறாய் என்று உன் தங்கை தனியாக எழுதியிருக்கிறாள்.

செம்பூர் செல்லம்: 27 அங்குலம், 29¾, 30... எதை வாங்க?

கையை நீட்டு. சாதா கிட்டாரில் முதல் நாலு ஃப்ரெட் சேர்ந்து ஐந்தேகால் அங்குலம். 27-இல் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். 30-இல் ஆறு அங்குலத்தைத் தாண்டிவிடும். ஏறக்குறைய ஒரு அங்குலம் விரல் கூடுதலாக விரிய வேண்டும். கடையில் போய் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டைப் பிடி. பிடித்தபடி கடைக்காரரிடம் ஐந்து நிமிஷம் பேரம் பேசு. கை கெஞ்சினால் 27.

ஸ்குவையரின் பாரிடோன் கேப்ரோனிட்டா 27 அங்குலம். கார்டு, ரிஃப், பாட்டுக்குப் பக்கவாத்தியம் எல்லாம் சாதா கிட்டார் பழக்கத்திலேயே ஓடும். டான்எலெக்ட்ரோ, கிரெட்ச் எலெக்ட்ரோமேட்டிக் இரண்டும் 29¾. அடித்தந்தி கம்பீரமாகப் பேசும், ஒற்றைச் சுரமாக வாசித்தால் கௌபாய் படம் ஓடும். ஃபெண்டர் பேஸ் சிக்ஸ் 30 அங்குலம், 1961-லிருந்து இருக்கிறது. அது ஒரு முழு ஸ்தாயி கீழே போகிற ஜாதி, வேறு குடும்பம். பாரிடோன் என்று யாராவது தலையில் கட்டினால் கட்டிக்கொள்ளாதே.

என் ஓட்டு 27-க்கு. முதல் பாரிடோனிலேயே கை வலித்தால் இரண்டாவது பாரிடோன் வராது, ஓ.எல்.எக்ஸ் விளம்பரம்தான் வரும்.

பட்ஜெட் பத்மநாபன் (புனைபெயர்), கோலிவாடா: கையில் இருப்பதே கொஞ்சம். வாங்கினதும் பிக்கப்பை மாற்றிவிடலாமா?

பிக்கப் கடைசி. மலிவு கிட்டாரில் காசு மரத்துக்கும் போவதில்லை, பெயின்ட்டுக்குப் போகிறது. நீ நீளத்துக்குக் காசு கொடு, நேரான கழுத்துக்குக் கொடு, பளபளப்புக்குக் கொடுக்காதே. கையில் இருக்கும் மொத்தத்தையும் கிட்டாரிலேயே கொட்டாமல் பத்தில் ஒரு பங்கைத் தந்திக்கும் செட்டப்புக்கும் ஒதுக்கி வை.

பிக்கப்புக்கு முதல் வைத்தியம் ஸ்க்ரூ டிரைவர். அடித்தந்திப் பக்கம் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கு. தடித்த தந்திக்குக் கீழே காந்தம் ரொம்ப நெருங்கி நின்றால் அது தந்தியையே இழுக்கும். சுருதி அலையும், ஓசை சேறாகும். அரை திருகு, கேள். இன்னொரு அரை திருகு, கேள். செலவு பூஜ்யம் என்பதால் யாரும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

மாஹிம் பாட்டுக்காரன்: பாரிடோன் தந்தி செட்டு கேட்டால் கடையில் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

உன் தலைமுடியைப் பார்த்திருப்பார்கள். போகட்டும். பாரிடோன் செட்டு 14-68, 13-72 என்றெல்லாம் வருகிறது. கிடைக்காத வாரத்தில் ஏழு தந்தி கிட்டார் செட்டு ஒன்று வாங்கு, 10-59 என்று போட்டிருக்கும். மெலிசான பத்தை எடுத்து ஓரமாக வை. மிச்சம் ஆறு: 13, 17, 26, 36, 46, 59. அப்படியே பாரிடோன். மேலிருந்து இரண்டாவது தந்தியை மட்டும் ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு அரைச் சுரம் இறக்கு. 27 அங்குலத்துக்குத் தாராளம்; 30-க்கு இழுவிசை கொஞ்சம் விறைப்பு.

ஓரமாக வைத்த பத்தாம் நம்பரைத் தம்பியின் கிட்டாருக்குக் கொடு. அவன் அறுப்பதே அந்தத் தந்தியைத்தான்.

அதே பாட்டுக்காரன்: தடித் தந்தி நட்டுக் காடியில் உட்கார மறுக்கிறதே?

பிருடையைத் திருகும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டு, சுருதி ஒரே தாவாகத் தாவுகிறதா? காடி குறுகல். கையில் ஆக்ஸா பிளேடு இருந்தால் கீழே வை. அதற்கென்றே அளவு அரம் வைத்திருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொடு. அகலப்படுத்தலாம், குறுக்க முடியாது. வேலை முடிந்ததும் காடியில் பென்சில் கரியைத் தேய். பள்ளிக்கூடத்தில் நீ பென்சிலுக்குக் கொடுத்த ஒரே வேலை அதைக் கடிப்பதுதான், இப்போது பரிகாரம்.

மாட்டுங்கா மிருதங்கம்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது. காது என்னுடையது, நம்பலாம்.

மிருதங்கக்காரர் காதை நம்பாமல் யார் காதை நம்புவது? பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சேடிலைப் பின்னுக்குத் திருகுங்கள். தடித்த தந்திக்குக் கூடுதல் நீளம் வேண்டும். மலிவு பிரிட்ஜில் ஸ்க்ரூ முடிந்துபோய் அதற்கு மேல் நகராது. சேடிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஸ்பிரிங்கைக் கழற்றினால் இன்னும் இரண்டு நூல் இடம் கிடைக்கும். ஸ்பிரிங் தெறித்துச் சோபாவுக்கு அடியில் போகும். தேட வேண்டாம், பிரதோஷத்துக்கு வீடு பெருக்கும்போது வரும்.

வீணை வித்யார்த்தினி, செம்பூர்: பத்து வருஷம் வீணை வாசித்தவள். பாரிடோன் சுலபமாக வருமா?

அனுமந்தரத் தந்தியோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கீழ் ஸ்தாயி புதுசா? கை நீளம் பழகினதுதான். கமகத்தில்தான் வம்பு. வீணையில் தந்தியை இழுத்து நாலு சுரம் ஏற்றுவாய். பாரிடோனின் சுற்றுத் தந்தியில் ஒரு சுரம் ஏற்றுவதற்குள் கண்ணில் தண்ணீர் வரும்.

உன் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும் வீணையில் தொடங்கியவர்தான். அவர் புத்திசாலி, பாட்டுக்குப் போய்விட்டார்.

உறுமல் உலகநாதன் (இதுவும் புனைபெயர்தானாம்), தாராவி: கிட்டாரைச் செருகினதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே முனகல். பேய் பிடித்திருக்கிறதா?

பெஸ்ட் மின்சாரம் பிடித்திருக்கிறது. உன் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் அதை விழுந்து விழுந்து கேட்கிறது. 49 ஹெர்ட்ஸ் என்பது கீழ் ஸ்தாயி ஐந்து கட்டை. ஆக, கரன்ட் பில்லோடு சேர்த்து ஒரு நூல் ஏறின தம்புராவும் தருகிறார்கள்.

கிட்டாரின் குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி, எர்த் கம்பியோடு சேர்த்து ஈயம் வை. பாதி முனகல் போகும். மீதிப் பாதிக்குக் குழல்விளக்கை அணை.

லாமிங்டன் ரோடு லட்சியவாதி: பாட்டு (பொட்டன்ஷியோமீட்டர்), கபாசிட்டர் எல்லாம் நானே வாங்கி மாற்றலாமா?

தாராளமாக. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் லாமிங்டன் ரோடு முழுக்க உன் சொர்க்கம்தான். இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 500 கே, ஒற்றைச் சுருளுக்கு 250 கே வால்யூம் பாட்டு. டோன் கபாசிட்டர் 0.047 இருந்தால் 0.022 மைக்ரோஃபாரட் போட்டுப் பார்; கட்டைக் குரல் மூக்கடைப்பு இல்லாமல் வரும். பழைய பாட்டின் தண்டு விட்டத்தை அளந்துகொண்டு போ. இல்லாவிட்டால் குமிழ் மாட்டாது, மறுபடி டிக்கெட்.

‘டிவி ரிப்பேரா?’ என்று கடைக்காரர் கேட்டால் ஆமாம் என்று சொல். கிட்டாருக்கு என்றால் விலை ஏறும்.

தோல் பட்டறைத் தோழன், தாராவி: கிட்டாரைத் தோளில் மாட்டினால் தலை தரையைப் பார்க்கிறது.

நீண்ட கழுத்தின் வினை. இதற்கு என்னிடமா கேட்பது? சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் கடை வரிசைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு! மூணு, மூணரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டு. வழவழ பக்கம் வெளியே, சொரசொர பக்கம் சட்டைமேல். தோள் பிடித்துக்கொண்டால் கழுத்து இறங்காது. நைலான் பட்டை வழுக்கும், வாங்காதே.

தாராவித் தோல் எங்கெங்கோ போய் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. ஒரு பட்டையாவது சொந்தப் பெயரில் உன் தோளில் இருக்கட்டும்.

ஹார்பர் லைன் ஹனுமான்: லோக்கலில் எப்படித் தூக்கிப் போவது?

27 அங்குலம் என்றால் பெரும்பாலும் சாதாக் கிட்டார் பையே போதும். 30 என்றால் குட்டை பேஸுக்கான பை. காலை எட்டரைக்குக் குர்லாவில் ஏறப்போவதாக இருந்தால் கிட்டாரை மட்டும் அனுப்பு. நீ அடுத்த வண்டியில் வா.

பருவமழைப் பரிதாபம், சயான்: ஜூன் வந்தால் கழுத்து வளைகிறது, தந்தி துரு பிடிக்கிறது.

ஜூனில் எனக்கும் அப்படித்தான். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடி. ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு லேசாக நுழையலாம். ரேஷன் கார்டே நுழைந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைக் கால் திருகு இறுக்கு. ராத்திரி முழுக்க விடு, காலையில் பார். ஒரே மூச்சில் முழுத் திருகு போடுபவனுக்கு இரண்டு கிட்டார் கிடைக்கும், இரண்டும் பாதி பாதி.

வாசித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடை. உப்புக்காற்று ஊரில் இதுவே பெரிய அப்கிரேடு.

சொசைட்டி செக்ரெட்டரி, செம்பூர்: எங்கள் மாடியில் ஒருவன் இதை வாசிக்கிறான். சுவர் அதிர்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை சட்டம் உங்கள் பக்கம். மற்ற நேரத்தில் சமரசம். கீழ் ஸ்தாயி சுவரைக் கேட்டுக்கொண்டு நிற்காது, ஊடுருவும். பையனுக்கு ஒரு ஹெட்போன் ஆம்ப் வாங்கிக் கொடுங்கள். பராமரிப்பு நிதியில் எழுதிக்கொள்ளலாம். கணபதி விழாவுக்கு மட்டும் அவனை விட்டுவிடுங்கள். டோல்-தாஷாவுக்கு நடுவே அவன் வாசிப்பது அவனுக்கே கேட்காது.

மாட்டுங்கா மேதாவி: 61.7 ஹெர்ட்ஸ் அடித்தந்தியைச் சாதா கிட்டார் ஆம்பால் எழுப்ப முடியாதே? செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரே 70-க்குக் கீழ் பேசாது.

கணக்கு சரி. காது உங்களைவிடக் கெட்டிக்காரன். மேலே இருக்கும் அனுசுரங்களைக் கேட்டு, இல்லாத ஆதார சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். விரல்நகம் அளவு ஸ்பீக்கர் உள்ள செல்போனில் நீங்கள் பேஸ் கேட்பதும் அப்படித்தான். ஆம்பில் பேஸ் குமிழைக் குறைத்து நடுக் குமிழை ஏற்றுங்கள். பேஸ் வாசிப்பவர் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்.

கல்லி கவிஞன், தாராவி: நாங்க ராப் பண்ற பசங்க. எங்களுக்குக் கிட்டார் எதுக்கு மாமா?

டோப்அடெலிக்ஸ் உன் பேட்டைப் பையன்கள்தானே? 2018-இல் ‘காலா’வில் சந்தோஷ் நாராயணன் இசைக்குத் தமிழில் பாய்ந்தவர்கள். ராப்புக்கு முக்கியம் சொல். சாதா கிட்டார் சொல் நிற்கிற இடத்திலேயே வந்து குந்திக்கொள்ளும். பாரிடோன் கீழே போய் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வழி விடும். இரண்டு சுரம் போதும், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடி.

மூணாவது சுரம் கற்றுக்கொண்டால் சினிமாவில் கூப்பிடுவார்கள். ஜாக்கிரதை.

பழைய ரெக்கார்டு பைத்தியம், மாட்டுங்கா: பம்பாய் சினிமாப் பாட்டில் பாரிடோன் வாசித்தவர்கள் யார் யார்?

அந்த ஸ்டூடியோக்களில் கிட்டார் என்ன, எதை யார் வாசித்தார் என்று ரெக்கார்டு உறையில் போட்டால்தானே? நாயகன் பெயர் உண்டு, சிகை அலங்காரத்துக்குப் பெயர் உண்டு. வாசித்தவர் உழைத்தார், கூலி வாங்கினார், தாதர் ரயிலைப் பிடித்தார். அந்த வாத்தியக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு கிரெகரி பூத் என்பவர் 2008-இல் ‘பிஹைண்ட் த கர்ட்டன்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். எழுத நியூசிலாந்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

கழுத்து மாற்றும் கந்தன் (புனைபெயர், தெய்வம் அல்ல): பழைய ஸ்ட்ராட் கிட்டார் ஒன்று தூங்குகிறது. கழுத்தை மட்டும் மாற்றி பாரிடோன் ஆக்கலாமா?

ஆகும். நாலு ஸ்க்ரூவில் நிற்கிற கழுத்து என்றால் கழற்றி, பாரிடோன் மாற்றுக் கழுத்து மாட்டலாம். அமெரிக்காவின் வார்மாத் கம்பெனி 28⅝ அங்குலத்தில் செய்கிறது. பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருக்கும். நீளம் தலைப்பக்கம் வளரும். ஆனால் கழுத்து விலை, கப்பல் செலவு, சுங்கம் மூன்றையும் கூட்டிப் பார். மலிவு பாரிடோன் ஒன்று முழுசாக வந்துவிடும், கழுத்தோடு.

ஆரே காடு ஆர்வலன்: என் கிட்டாரின் விரல்பலகை ‘இண்டியன் லாரல்’ என்று போட்டிருக்கிறது. வெளிநாட்டு மரமா?

பெயரிலேயே ‘இண்டியன்’ இருக்கிறதே! நம் கருமருது. ஈட்டி மரத்துக்கு 2017-இல் உலக வர்த்தகக் கட்டுப்பாடு வந்தபோது மலிவு கிட்டார் செய்பவர்கள் இதன் பக்கம் திரும்பினார்கள். 2019-இல் முடிந்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தும் கருமருது போகவில்லை. தாராவி வியாபாரிதான் அதுவும்; கிடைத்த இடத்தில் கடை போட்டுவிட்டது.

சபா ரசிகர், மாட்டுங்கா: சண்முகானந்தாவில் பாரிடோன் கச்சேரி நடக்குமா?

வயலின் வந்தபோது முறைத்தார்கள். மின்சார மாண்டலினோடு ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் வந்தபோது முறைத்தார்கள். கிட்டாரோடு பிரசன்னா வந்தபோதும் முறைத்தார்கள். பிறகு மூன்றுக்கும் டிக்கெட் கிடைக்காமல் போனது. முறைப்பு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதலில் நீங்கள் தொடங்கி வையுங்கள்.

கும்பார்வாடா கனவுக்காரன்: பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். கிட்டாரை எங்கே வைப்பது?

சுவரில் கொக்கி, உயரத்தில், ஜன்னல் பக்கமில்லாத சுவர். தாராவி மறுசீரமைப்பில் தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். அது கைக்கு வந்ததும் 30 அங்குலத்துக்கு மாறு. அதுவரை 27-ஐயே வாசி. நன்றாகப் பழகிவிடுவாய், அவகாசம் நிறைய இருக்கிறது.

பழைய பொருள் பரமார்த்தன் (புனைபெயர்), சோர் பஜார் பக்கம்: செகண்ட் ஹேண்டில் ஒரு பாரிடோன் வருகிறது. விற்கிற ஆள் ‘ஒரே ஒரு தடவைதான் வாசித்தேன்’ என்கிறான். நம்பலாமா?

முதல் மூணு ஃப்ரெட்டில் தந்திக்குக் கீழே பள்ளம் இருக்கிறதா பார். டிரஸ் ராடு இரண்டு பக்கமும் திரும்புகிறதா பார். பிரிட்ஜ் ஸ்க்ரூவில் துரு மண்டியிருந்தால் விலையில் பாதியைக் குறை. பள்ளம் இருந்தால் அவன் பொய் சொல்கிறான். இல்லாவிட்டால் ஒரு தடவைதான் வாசித்திருக்கிறான், அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்கள்.